வெறும் பாக்கு

எஸ்டேட் டிஸ்பென்சரி பெஞ்சில் இடமில்லை. பூமாரி சுவரோரம் குந்தி, கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். எடுத்த தேயிலைக் கொழுந்தைப் பக்கத்து நிரையில் கிள்ளும் மதலேனம்மாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். சில மாதமாகவே குழம்பு பட்டால் வாய் எரிந்தது. இப்போது சோற்று உருண்டை உள்ளே போவதில்லை. கரைத்துக் குடிக்கத்தான் முடிந்தது. நேற்று சூப்பர்வைசருக்குப் பதில் சொன்னபோது, "வாயில இருக்கறத துப்பிட்டுப் பேசு" என்று அவன் கத்தினான். வாயில் ஒன்றும் இல்லை.

மலையாளியான டாக்டர் ரிஞ்சு அவள் வாய்க்குள் டார்ச்சை அடித்தாள்.

"வாய் நல்லா தொறக்கணும் அம்மா."

"தொறந்துதான் இருக்கேன்."

டாக்டர் விரல்களை அடுக்கி அவள் பற்களுக்கிடையே நுழைக்கப் பார்த்தாள். ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. உட்கன்னம் வெளுத்து, விறைத்துக் கிடந்தது. ஓரத்தில் ஆறாத புண்.

"என்ன போடுறீங்க?"

பூமாரி மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தாள். பச்சை, ஏலக்காய்ப் பாக்கு. சிவப்பு, புகையிலை. இரண்டிலும் ஒரே பெயர், ஒரே மாதிரி எழுத்து. போன மழைக்காலத்தில் பாக்குக் கம்பெனி வேன் வந்து பச்சையைச் சும்மா கொடுத்தது. நனைந்துகொண்டு கொழுந்து கிள்ளும்போது வாயில் அடக்கிக்கொண்டால் பசி தெரியவில்லை. பிறகு அது போதவில்லை. அதே பெயரைச் சொல்லிக் கேட்டதும் கடைக்காரர் அரிசிச் சாக்குக்குப் பின்னாலிருந்து சிவப்பை எடுத்துத் தந்தார். அதை விற்கத் தடை இருந்தது.

"செவப்ப விட்டுருதேன் டாக்டரம்மா. இது வெறும் பாக்குதான?" வார்த்தைகள் பல்லிடுக்கில் நசுங்கி வந்தன. அவளை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே டாக்டர் பதில் சொன்னாள்.

"வெறும் பாக்கு போட்டாலும் வாய் இறுகிப்போகும், கேட்டோ. ரெண்டும் வேண்டாம். அந்தப் புண்ணுல சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும். கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கு நாளைக்கே போங்க."

"கேன்சரா?"

"டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாது அம்மா."

திரும்பி வரும்போது ஒரு சில்வர் ஓக் மரத்தின் மறைவில் நின்று, பூமாரி தன் விரல்களை அடுக்கி வாய்க்குள் தள்ளிப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து மைக் சத்தம் கேட்டது. பாக்கு வேன். போடியிலிருந்து வரும் கம்பெனி ஆள் அருண்பாண்டி மழைக்கோட்டுகளை அடுக்கி வைத்திருந்தான். ஒரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டு, போட்டோவுக்குச் சிரித்தால் ஒரு கோட்டு. எஸ்டேட்டில் இந்த வருஷம் மழைக்கு எதுவும் தரவில்லை. பெண்கள் வரிசையில் நின்றார்கள். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் மோனிஷாவின் முறை வந்திருந்தது. பாக்கு அவள் வாயில்.

பூமாரி ஓடிப்போய் மகள் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள்.

"எம்மா! எல்லாரும் பாத்துட்டு இருக்காக."

அருண்பாண்டி சிரித்தான். "பயப்படாதீங்கக்கா. இதுல புகையில கெடையாது. வெறும் பாக்கு."

"இதும்... வாய..." அவள் கத்தினாள். கத்தக் கத்தச் சொல் குழறியது. எச்சில் தாடையில் வழிந்தது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் மைக்கை இறக்கி, குனிந்து காது கொடுத்தான்.

"புரிஞ்சுதுக்கா. ஒங்களுக்கு இல்லாமயா?" என்று அவள் கையில் ஒரு பச்சைப் பொட்டலத்தை வைத்தான்.

மழை பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசர் விசில் ஊதினான். மோனிஷா மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நனைஞ்சுட்டே எப்பிடிம்மா சாயங்காலம் வர நிப்பேன்?"

பூமாரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மோனிஷா அந்தப் பிடியை மெல்ல விலக்கி, இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டு, போட்டோவுக்குச் சிரித்தாள்.

பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேட்டில் ஏறினார்கள். ஒவ்வொரு கோட்டின் முதுகிலும் பாக்கு விளம்பரப் பெண்ணின் முகம் அச்சாகியிருந்தது. எல்லாப் பற்களும் தெரிய, வாயை அகலத் திறந்து, மழையில் நனைந்தபடி அந்த முகங்கள் சிரித்துக்கொண்டே மேலே போயின.