கன்னியம்மாவின் கருவாடும் கீழே விழுந்த விமானமும்

எண்ணூர் நெட்டுக்குப்பத்துக் கன்னியம்மாவின் கருவாட்டால் ஒரு போர் விமானமே விழுந்துவிட்டது என்று சொன்னால் கேட்கிறவன் சிரிப்பான். குப்பம் பல வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கன்னியம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் ஜெயவேல், வடக்கே ஒரு விமானப்படைத் தளத்தில் ஓடுபாதைக்குக் காங்கிரீட் போடப் போனவன். அந்த ஊர் ரொட்டியும் பருப்பும் அவனுக்கு இறங்காது என்று வாளைக் கருவாட்டை மூட்டை கட்டி அனுப்பியவள் இவள்தான். ரயிலில் அது நமுத்துப்போக, அந்த மனுஷன் ஷெட் கூரைமேல் பரப்பிக் காயப்போட்டான். வெயிலையும் கூரையையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணூர்க்காரன் கை சும்மா இருக்குமா? வாசனைக்குப் பருந்துகள் வட்டம் போட்டன. அன்றைக்கென்று பார்த்து ஒரு விமானம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டினவர் பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். "உன் கருவாட்டுக்கு வந்த பருந்துதான்டா இஞ்சின்ல பூந்துச்சு" என்று மேஸ்திரி ஜெயவேலை ரயிலேற்றிவிட்டான்.

அன்றோடு கன்னியம்மா கருவாட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். நிஜம் தெரிகிறவரை கருவாட்டைத் தொடமாட்டேன் என்று கங்கையம்மன் முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சொல்லிவிட்டாள். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து வியாபாரம் செய்தவள், இறால் உரிக்கும் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் விரல் மரத்து நின்றாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மளிகைக்கடை ஜெபசிங் வாசலுக்கு வந்து கத்தினான்.

"யக்கா, ஓடியாங்க! ஒங்க பிளேனு டிவில வருது!"

கடை டிவி முன்னால் பாதிக் குப்பம் கூடிவிட்டது. பாராளுமன்றத்தில் யாரோ கேள்வி கேட்டு, பழைய விபத்தின் விசாரணை முடிவை அரசாங்கம் அன்றுதான் வெளியே சொல்லியிருந்தது.

"பருந்துன்னு சொல்ட்டான்னா இன்னாமே பண்றது?" ஜெயவேல் அவள் காதருகே குனிந்து கேட்டான்.

"கம்முனு கெட. கேக்கவுடு."

எரிபொருள் குழாயில் விரிசல், அதுதான் காரணம், பறவை எதுவும் மோதவில்லை என்று செய்தி வாசித்தவர் சொல்லி முடித்து, வெங்காய விலைக்குப் போய்விட்டார்.

"பாத்தியாமே! கொயா ஒடஞ்சிகீது! கொயா!" ஜெயவேல் குதித்தான்.

"அய்ய, இனிமே யாரைச் சொல்லி சிரிக்கிறது? பொழுதே போவாதே" என்று பக்கத்து வீட்டுக் கெங்கம்மா அலுத்துக்கொண்டாள்.

கன்னியம்மா ஜெபசிங் பக்கம் திரும்பினாள். "தம்பி, இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

"டிவிகிட்ட நான் எப்படிக்கா சொல்ல? அடுத்த நியூஸ்ல வரும், நில்லுங்க."

நின்றாள். மறுபடியும் பறவை இல்லை என்று காதால் கேட்ட பிறகுதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் கம்பெனிப் பக்கமே போகவில்லை. காசிமேட்டில் வாளை வாங்கிவந்து கீறி, உப்புப் போட்டு ஊறவைத்தாள். அதற்கடுத்த நாள் கூரைமேல் பரப்பினாள். பருந்துகள் சொல்லிவைத்த மாதிரி வந்து சேர்ந்தன. அவற்றுக்கும் மேலே மீனம்பாக்கம் போகிற விமானம் ஒன்று இரைந்தது. கன்னியம்மா கண்ணுக்குமேல் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"யோவ், அந்தப் பழைய வலைய எட்தா. மேல மூடணும்."

"அதான் கவர்மெண்டே சொல்ட்டாங்களே?"

"உனுக்கும் எனுக்கும் சொல்ட்டாங்க. பருந்துக்கு யாருய்யா சொன்னா?"