கம்பெனிக்குப் போன சீர்வரிசை

நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று தெருக் குழாயடியில் யாராவது கேட்டால், இருக்கிறதை இருக்கிறபடி சத்தமாகச் சொல்லிவிட முடியுமா உங்களால்? முடியுமென்றால் கொடுத்து வைத்தவர்கள். குருவிநத்தம் உஷாராணியால் முடியாது. யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல துணி விக்கிறேன்" என்பாள். சொன்ன வாய்க்குத் தண்டனையாகத் தெருப் பெண்கள் அவளிடம் நைட்டி கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் நைட்டி வாங்கி வந்து, வாங்கின விலைக்கும் கீழே கொடுத்துத் தன் பொய்யைக் காப்பாற்றி வந்தாள்.

உண்மையில் அவள் பார்த்தது தரகு வேலை. மாட்டுத் தரகு, மனைத் தரகு மாதிரி இது இணையத் தரகு. புருஷன் பெண்டாட்டி படுக்கையறைக்கு வேண்டிய சாமான்களை, ஆணுறை, வழவழப்புக்குப் பூசுகிற ஜெல், இன்னும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற சிலதை, பெங்களூரில் ஒரு கம்பெனி பெயர் போடாத அட்டைப்பெட்டியில் வைத்து வீட்டுக்கே அனுப்பும். அதில் எது நல்லது, எது தண்டச் செலவு, எதை எப்படி உபயோகிப்பது என்று உஷாராணி தமிழில் எழுதித் தன் இணையப் பக்கத்தில் போடுவாள். படித்தவர்கள் அங்கிருக்கிற லிங்க்கை அழுத்திப் போய் வாங்கினால் அவளுக்குக் கமிஷன். சமையலறைக்கு டைல்ஸ் போட்டதும் மாடிக்குப் படி கட்டியதும் அந்தக் கமிஷனில்தான். பக்கத்தில் அவள் பெயர் இருக்காது.

வீட்டுக்காரன் பாக்யராஜுக்கு விஷயம் தெரியும். மருந்து கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். வெட்கம் பார்க்கிற ஆளில்லை, ஆனால் அம்மாவுக்குப் பயந்தவன். ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லி வைத்திருந்தான். "எங்கம்மாவுக்குத் தெரியாத வரைக்கும் நடத்து. தெரிஞ்சுதுன்னா அன்னிக்கே கடைய மூடிடணும், ஆமா." உஷாராணியும் தலையாட்டியிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் மாமல்லபுரம் பக்கத்தில், கடற்கரை ஓட்டல் ஒன்றில், இந்தத் தொழில்காரர்கள் எல்லாரும் கூடுகிற சந்தை ஒன்று போட்டார்கள். கம்பெனிகள் கடை விரிக்கும். மொத்தமாக வாங்குகிற வியாபாரிகளுக்கு நுழைவு இலவசம். லிங்க் போடுகிற தரகர்கள் மட்டும் காசு கட்டி பாஸ் வாங்க வேண்டும். பாஸ் விலைக்கு ஒரு நல்ல மிக்சி வாங்கிவிடலாம்.

உஷாராணி இருந்த டெலிகிராம் குழுவில் இரண்டு நாளாக இதே சண்டை. குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கோவை டைகர் என்கிற ஒருவன், "ஆள் கூட்டிட்டு வர்றதே நாம. நாமளே டிக்கெட் எடுக்கணுமா? மாப்பிள்ளையே மண்டப வாடகை குடுத்த கதையா இருக்கு" என்று குதித்தான். இன்னொருத்தன், "போன தடவை போனேன். ஒரு பேனாவும் ஒரு துணிப்பையும் குடுத்தானுங்க" என்றான். வேறொருத்தன், "மெயில்ல பேசுறவன் முகத்தைப் பார்த்தாத்தான் கமிஷன் ஏறும்" என்றான். உஷாராணி கம்பெனிக்கே எழுதி இலவச பாஸ் கேட்டுப் பார்த்தாள். அங்கே இவளோடு மெயிலில் பேசுகிறவன் பெயர் ஜே. "வருந்துகிறேன், இயலாது. ஜே" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. எப்போதும் அவ்வளவுதான் எழுதுவான்.

அன்று சாயங்காலம் பாக்யராஜிடம் பேச்சை எடுத்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ காசு? அங்க இன்னா பிரியாணியா போடறான்?"

"கல்யாணத்துக்குப் போனா மொய் எழுதறோம்ல. அது மாதிரி நெனச்சுக்குங்க."

"மொய்யின்னா நாளைக்கு நமக்குத் திரும்பி வரும்."

"எப்ப வரும்? எழுதிட்டு பந்தியில குந்தி, நாலு பேரு கண்ணுல பட்டு, பேசிட்டு வந்தாதான் வரும். எழுதிட்டு ஓடியாந்தாதான் நஷ்டம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மூணு வருஷமா இந்த வேலையைப் பத்தி உங்கள வுட்டா ஒரு ஜீவன்கிட்ட பேசல நான். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நான் இன்னா செய்றேன்னு வாயத் தொறந்து சொல்ற எடத்துல இருந்துட்டு வந்துர்றேங்க."

பாக்யராஜ் போனை எடுத்துப் பணத்தைக் கட்டினான்.

ஆனால் வாசலில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த மாமியார் ருக்குமணியின் காதில் கல்யாணம், மொய், பந்தி என்று மூன்று வார்த்தைகள் விழுந்துவிட்டன.

"யாரு வூட்டு விசேஷம்டி?"

"கம்பெனி விசேஷம் அத்த. மாமல்லபுரத்துல."

"தனியாவா போவப்போற? நல்லா இருக்குதே! நானும் வரேன்."

"உங்களுக்கு முட்டி வலி அத்த. பஸ்ல குந்த முடியாது."

"அதெல்லாம் இப்ப எவ்ளவோ தேவல. கஸ்தூரி ஒரு தைலம் குடுத்தா பாரு, ஒரு மாசமா சும்மா குதிரையாட்டம் நடக்கறேன்."

கஸ்தூரி எதிர்வீட்டுக்காரி. பேத்தி எடுத்தவள். உஷாராணிக்கு அப்போது தைலத்தைப் பற்றி நினைக்கப் பொழுதில்லை. மாமியாரை எப்படிக் கழற்றிவிடுவது என்பதே யோசனை. ஆனால் ருக்குமணி ஒரு விசேஷத்துக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டால் மழையே வந்தாலும் நிற்க மாட்டாள். சரி, ஓட்டல் வாசலில் உட்கார வைத்துவிட்டு நாம் உள்ளே போய்விடலாம், பாஸ் ஒன்றுதானே இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிகாலையில் ருக்குமணி தன் புருஷன் ஆதிமூலத்துக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டி, பெரிய கட்டைப்பை ஒன்றோடு வாசலில் நின்றாள்.

"பையில இன்னா அத்த?"

"இன்னாவா? சோறு போடற எடத்துக்குக் கைய வீசிகினு போவியா நீ?"

புதுச்சேரி வந்து, சென்னைப் பஸ்ஸில் மாறினார்கள். மரக்காணம் தாண்டியதும் ருக்குமணி இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு ஊதா நிற டியூபை எடுத்தாள். மூடி வெள்ளி நிறம். ஒட்டியிருந்த தாளை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். புடவைக்கடியில் கையை விட்டு முட்டியில் தேய்த்துக்கொண்டாள். பஸ்ஸே ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் மாதிரி மணத்தது. உஷாராணி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து, ஜேயிடம் ஆங்கிலத்தில் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

ஓட்டல் வாசலில் காவலாளி பாஸ் கேட்டான். உஷாராணி போனை நீட்டினாள்.

"இது ஒருத்தருக்குத்தாம்மா. அந்தம்மாவுக்கு?"

உஷாராணி "நீங்க இங்கயே..." என்று திரும்புவதற்குள் ருக்குமணி கட்டைப்பையைத் திறந்து மூன்று எவர்சில்வர் தாம்பாளங்களை வெளியே எடுத்துவிட்டாள். ஒன்றில் வாழைப்பழமும் தேங்காயும். ஒன்றில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், மல்லிகைச் சரம். ஒன்றில் அவள் கையால் சுட்ட முறுக்கு. எல்லாம் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி.

"சீர் கொண்டாந்தவள வாசல்ல நிறுத்தறியே, நீ எந்த ஊருப்பா?"

காவலாளி தாம்பாளத்தைப் பார்த்தான், பட்டுப்புடவையைப் பார்த்தான், எழுந்து நின்றான். "குத்துவிளக்கு ஏத்துறவங்களா? சொல்லக் கூடாதாம்மா? உள்ள வாங்க, வாங்க." ஒரு தட்டை அவனே சுமந்துகொண்டு முன்னால் நடந்தான். காசு கட்டின உஷாராணி பின்னால் ஓடினாள்.

உள்ளே குளுகுளுவென்று ஏசி. வரிசையாகக் கடைகள். பளபளக்கிற பெட்டிகள். கோட்டு போட்ட ஆட்கள் தாம்பாளத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். சிலர் போட்டோ எடுத்தார்கள். பெங்களூர் கம்பெனியின் கடையில் கூட்டமே இல்லை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள்.

உஷாராணி மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில், தான் ஜேயைப் பார்க்க வேண்டும், மெயிலில் தன் பெயர் யு. ராணி என்று சொன்னாள்.

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "யு. ராணியா? ஐயோ, நம்ம ஊரா நீங்க! உங்க பக்கத்தத் தொறந்து பாத்ததே இல்ல, பேர வச்சு ஏதோ வடநாட்டுப் பொம்பளன்னு இல்ல நெனச்சேன்! நான்தாங்க ஜே. ஜெயசுதா. அரக்கோணம்."

"தமிழா நீங்க?"

"ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷ்ல உங்களுக்கு ரெண்டு வரி எழுத நான் படுற பாடு எனக்குத்தாங்க தெரியும்!"

"அதைப் படிச்சுப் பதில் எழுத நான் பட்டது?"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் ருக்குமணி நடுவில் புகுந்து ஜெயசுதா கையில் தாம்பாளங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள், குங்குமம் வைத்தாள், மல்லிகைச் சரத்தைத் தலையில் செருகினாள். "எங்க பொண்ணுக்கு வேல குடுத்த மகராசி நீதானா? நல்லா இரும்மா." ஜெயசுதா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்புறம்தான் ருக்குமணி கடையைச் சுற்றிப் பார்த்தாள். மாமியாரின் கண் ஒவ்வொரு அலமாரித் தட்டாகப் போய் ஓரிடத்தில் நின்றது. ஊதா டியூப், வெள்ளி மூடி. அடுக்கடுக்காக.

"அடியே! நம்ம முட்டித் தைலம்டி!"

சுருக்குப்பையிலிருந்து தன் டியூபை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இந்தா பாருங்க, இதேதான்! ஏ கோட்டு போட்ட தம்பி, உங்கம்மாவுக்கு முட்டி வலி இருக்குதா? வாங்கிட்டுப் போ. சும்மா லேசா தடவுனா போதும், குளுகுளுன்னு போயி அப்புறம் கதகதன்னு ஏறும். ஒரு மாசமா நானு மாடிப்படி ஏறி வத்தல் காய வக்கிறேன்!"

கோட்டு போட்ட தம்பி நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் நின்றார்கள். யாரோ ஒருவர் வாயைப் பொத்தினார். இன்னொருவர் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கினார். அப்புறம் மண்டபமே சிரித்தது. அவர்கள் சிரிப்பதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு ருக்குமணி முட்டியை மடக்கி நீட்டியும் காட்டினாள்.

ஜெயசுதாதான் மெதுவாக அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, காதோடு காதாக, அது எதற்கு என்று சொன்னாள்.

ருக்குமணி டியூபைப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

அவ்வளவுதான், கடை மூடியாயிற்று என்று நினைத்தாள் உஷாராணி. இனிமேல் ஆயுசுக்கும் நைட்டிதான்.

"அப்ப..." என்றாள் ருக்குமணி. "அன்னிக்கு கஸ்தூரி வூட்ல இல்லன்னு கொரியர்காரப் பையன் எங்கிட்டதான்டி பெட்டிய குடுத்துட்டுப் போனான். இன்னாடி இதுன்னு கேட்டா, முழி பிதுங்கி முட்டித் தைலம்னா. எனக்கும் ஒண்ணு குடுடின்னு புடிச்சுகினேன். உள்ள போயி தாளெல்லாம் சொரண்டிட்டு குடுத்தா..." மூக்கில் விரலை வைத்தாள். "பேத்தி எடுத்தவடி அவ!"

சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "பரவால்லடி கஸ்தூரி, பரவால்ல!" என்று குருவிநத்தத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பந்தியில் பிரியாணியே போட்டார்கள். சாப்பிடும்போது ருக்குமணி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"துணின்னு சொன்னியேடி."

"நிறுத்தச் சொல்லிடுவீங்கன்னு பயம் அத்த."

"இதுல இன்னா எழுதுவ?"

உஷாராணி சொன்னாள். வலிக்கிறது என்று எழுதிக் கேட்கிற புதுப்பெண்களுக்கு என்ன பதில் போடுவாள், டாக்டரிடம் போகச் சொல்வது எப்போது, ஏமாற்று மருந்து எது, எல்லாம். முதல் முறையாக வாயைத் திறந்து, சாதாரணக் குரலில்.

ருக்குமணி எலும்பை ஓரமாக வைத்தாள். "நான் கட்டிகினு வந்தப்ப எனக்கு ஒரு வார்த்த சொல்ல ஆளில்ல. எழுது. ஆனா அந்த நைட்டி யாவாரத்த வுட்டுடு. ஒரே தொவைக்கு சாயம் போவுதுன்னு தெருவே என்னத்தான் திட்டுது."

கிளம்பும்போது உஷாராணி கமிஷனை ஏற்றித் தரக் கேட்டாள். மெயிலில் பல தடவை கேட்டு, இயலாது என்று வந்த விஷயம்தான். ஜெயசுதா தாம்பாளங்களைப் பார்த்தாள். "நேர்ல எப்படிங்க மாட்டேன்னு சொல்றது? சீர் வேற வாங்கிட்டேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிப்பாங்க" என்று ஏற்றித் தந்தாள். காலித் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று அதில் கை நிறைய ஊதா டியூபும் வைத்தாள்.

"முட்டிக்குத்தான்" என்று ருக்குமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் உஷாராணி டெலிகிராம் குழுவைத் திறந்தாள். அடுத்த சந்தைக்காவது காசு கொடுத்துப் போகலாமா கூடாதா என்று கோவை டைகர் இன்னும் குதித்துக்கொண்டிருந்தான். அவள் எழுதினாள்: "போகலாம். ஆனா தனியா போவாதீங்க. மாமியார் இருந்தா கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு பாஸ் தேவையில்ல." கீழே, முதல் முறையாக, தன் பெயரைப் போட்டாள். உஷாராணி, குருவிநத்தம்.

மறுநாள் காலை குழாயடியில், "உன் மருமவ இன்னா வேலதான் பாக்குறா?" என்று நைட்டி வாங்கின கனகாம்பாள் கேட்டாள். ருக்குமணி ஊதா டியூப் வரைக்கும் சத்தமாகச் சொன்னாள். கனகாம்பாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முட்டிக்கும் கேட்குமா என்று கேட்டாள். கஸ்தூரி அன்று தண்ணீர் பிடிக்க வரவில்லை.