அனுபவச் சான்று

மேலாளர் அறைக்கு வெளியே நின்றபடியே கேலண்டர் அக்கா இன்னொரு மாதிரிக் கேள்வியைப் படித்து முடித்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் கேலண்டர் அக்காதான். எந்தக் கட்டடத்துக்கு என்றைக்குத் தளம் போடுவது, எந்த லாரி எப்போது வரும், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். குருவி தலையில் பனங்காய் என்பார்கள். அவள் அதை ஒன்பது வருடமாகக் கீழே போடாமல் சுமக்கிறாள்.

இப்போது கம்பெனி புதுச் சட்டம் போட்டிருந்தது. திட்ட மேலாண்மைத் தேர்வில் தேறியவர்கள்தான் இனி வேலைகளை நடத்தலாம். மற்றவர்கள் கீழ்த்தளத்தில் கோப்பு அடுக்க வேண்டியதுதான். நான்கு மாதமாக பஸ்ஸிலும் அடுப்படியிலும் படிக்கிறாள். "தூக்கத்துலகூட அடுத்த கட்டம், அடுத்த கட்டம்னு உளர்றே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். மூன்று வருடம் அவளே தலைமையேற்று வேலைகளை நடத்தினாள் என்று மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.

உள்ளே கூப்பிட்டார்.

"உக்காரும்மா. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? ஆனா தலைமைன்னு எப்படிப் போடறது? பேப்பர்ல எல்லாம் என் பேருதானே இருக்கு."

"அந்தப் பேப்பரெல்லாம் நான் அடிச்சதுதானே சார்?"

"யாரு இல்லேன்னா? கையெழுத்து என்னுதாச்சே."

"ஆஸ்பத்திரி வேலை ஏழு மாசம் நடந்துச்சு. நீங்க சைட்டுக்கு வந்ததே ரெண்டு தடவைதான்."

"அதெல்லாம் எழுத்துல இருக்கா? உதவியாளர்னு வேணா போட்டுத் தரேன்."

உதவியாளர் என்று போட்டால் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். அது அவருக்கும் தெரியும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இரும்மா, கோவிச்சுக்காதே. நானும் அந்தப் பரீட்சை எழுதணுமாம். அனுபவம்ங்கிற இடத்துல என்ன போடறதுன்னே தெரியல. உனக்குத்தான் எல்லாம் அத்துப்படியாச்சே."

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். கீழ்த்தளத்துக்கு யாரை அனுப்புவது, யாரை வீட்டுக்கே அனுப்புவது என்ற பட்டியலும் அவர் கையில்தான் இருந்தது. அவள் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கினாள். அஸ்திவாரக் குழியில் மழைநீர் நிரம்பியது, மூன்று பம்பு வைத்து இறைத்தது, அதில் வீணான நான்கு நாளைப் பூச்சு வேலையில் ஈடுகட்டியது. எல்லாவற்றையும் "நான்" என்றே எழுத வேண்டுமென்று விண்ணப்பத்தில் குறிப்பு இருந்தது. அப்படியே எழுதினாள்.

அவர் திரும்பி வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பிரமாதம்! அவங்க கேக்கற அனுபவ மணிக்கணக்குக்கு மட்டும் கொஞ்சம் குறையுது. அந்தக் கோடவுன் வேலையையும் சேர்த்துடேன்."

கோடவுனை அவள் ஒப்படைத்தது, அப்பாவை அடக்கம் செய்த மறுநாள். அந்தத் தேதியை அடித்தாள். பக்கத்துக் கட்டத்தில், 'நானே நேரில் நின்று ஒப்படைத்தேன்' என்று எழுதினாள்.