வளைந்த நாலு பின்

படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்திருந்தேன்: பிராசசர். கீழே மாடல் எண். எழுதப் படிக்கத் தெரிந்தவன் தப்பு செய்ய வழியே இல்லை. என் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான்.

அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் கடை. நான் ஆபீஸ் முடிந்து வருவதற்குள் அதை மூடிவிடுவார்கள் என்பதால்தான் அவனிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கல் மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். உள்ளே மூன்று விசிறியும் கலர் விளக்கும் வைத்த கிராஃபிக்ஸ் கார்டு.

"என்னண்ணா இது?"

"கேம்னா படம்தானே? படம் நல்லா வரணும்னா கார்டைத்தான் மாத்தணும்னு கடைக்காரர் சொன்னாரு. உன் தங்கச்சிக்கு இதுதான் சரின்னாரு."

"அவரு என் மெஷினைப் பாத்தாரா? இருக்கிற கார்டு பாதி நேரம் சும்மா இருக்கு. பிராசசர்தான் நூறு சதவீதம் திணறுது. கோளாறு கண்ணுல இல்லண்ணா, மூளையில!"

"அது எனக்கு எப்பவோ தெரியுமே" என்று சிரித்தான். அந்தப் பெட்டியாலேயே அவன் மண்டையில் போடலாம் போலிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆன்லைன் கேம் போட்டியின் தகுதிச் சுற்று. ஐந்து பேர் குழுவில் என் பெயர் பூட்டு. கோட்டை வாசலைக் காப்பது என் வேலை. எதிரிப் படை இருபது பேர் ஒரேயடியாக வாசலுக்கு வந்தால் என் திரை அப்படியே நின்றுவிடும். திரும்ப ஓடும்போது கோட்டை போயிருக்கும். போன தடவை தோற்றது அப்படித்தான். கேப்டன், நாங்கள் கொக்கு என்று கூப்பிடுகிறவர், நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை நின்னா வேற ஆளைப் போட்டுடுவேன் பூட்டு. கோச்சுக்காத." இரண்டு வருஷம் காத்த வாசல். எனக்கென்று இருந்த ஒரே இடமும் அதுதான்.

காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"விளையாடப் போறது அண்ணன் இல்ல. நான்."

கார்டை எடுத்துக்கொண்டு பிராசசரைக் கொடுப்பதற்குள் ஏழு பெருமூச்சு விட்டார்.

வீட்டில் கம்ப்யூட்டரைப் படுக்கவைத்துப் பழைய பிராசசரை எடுத்தேன். அண்ணன் பின்னால் வந்து நின்றான். கார்டைத் திருப்பிக் கொடுத்த கோபம் அவனுக்கு.

"மெதுவா."

"தெரியும்."

"தூசி இருக்கு பாரு. நான் வேணா போடட்டுமா?"

"தெரியும்ங்கிறேன்ல!"

"இல்ல, கை நடுங்குதே..."

நடுங்கியது ஆத்திரத்தில். பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும். அது உட்காரும் போர்டிலும் ஒன்று இருக்கும். இரண்டும் சேர்ந்தால் தானாக உட்காரும், அழுத்தவே கூடாது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான். முக்கோணத்தைப் பார்க்காமல் புதியதை வைத்தேன். உட்காரவில்லை. அழுத்தினேன்.

நறுக்கென்று ஒரு சத்தம். எடுத்துத் திருப்பினால், அடியில் ஊசி மாதிரி நிற்கும் ஆயிரத்துச் சொச்சம் பின்களில் நாலு படுத்துக் கிடந்தன. மணி இரண்டு.

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்று அவன் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது மனசை ஆற்றியிருப்பேன். அவனோ நேரே தன் கடைக்குப் போய், ஃபிரேம் நிமிர்த்தும் மெல்லிய இடுக்கியும் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியும் எடுத்து வந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பின்னாக நிமிர்த்தினான். ஒன்று ஒடிந்தாலும் எல்லாம் போச்சு. ஒன்றரை மணி நேரம் நான் மூச்சே விடவில்லை. அவன் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.

முக்கோணத்தைப் பார்த்து வைத்தேன். உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் ஓடியது.

ஆட்டத்தின் கடைசியில் இருபது பேரும் வாசலுக்கு வந்தார்கள். திரை நிற்கவில்லை. ஒருத்தனையும் உள்ளே விடவில்லை. காதில் கொக்கு கத்தினார்: "பூட்டுன்னா பூட்டு! அடுத்த சுற்றுக்கும் வாசல் உனக்குத்தான்!"

நான் சொன்னது சரி. கார்டு வேண்டாம் என்றது சரி, பிராசசர் என்றது சரி. இதை அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்ல ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். அண்ணியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சுட்டா. அட, எல்லாம் நான் பாத்துப் போட்டதுதான். அவளுக்கு என்ன தெரியும்? நான் வாங்கின கார்டையே வச்சிருந்தா இந்த வம்பே வந்திருக்காது."

நேற்றிலிருந்து சேர்த்து வைத்த பதில் அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. மேஜையில் அந்த இடுக்கி கிடந்தது. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். வளைத்தது நான்.