கங்காணியைப் பூட்டி வைக்கும்படி ஒரு வேண்டுகோள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. கண்டியிலிருந்து வரும் ஒரு சிறுசஞ்சிகை விலங்குகளுக்காக ஓர் இதழ் போடுகிறது. அதன் ஆசிரியர் தொலைபேசியில், "நாயை ஒருவர் எடுத்துவிட்டார், யானையை மூன்று பேர் எடுத்துவிட்டார்கள், உங்களுக்குப் பூனை இருக்கிறது" என்றார். மிச்சம் கிடந்ததை என் தலையில் கட்டுகிறார் என்று தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். வீட்டில்தான் ஒரு பூனை இருக்கிறதே, பார்த்து எழுதினால் போயிற்று என்று நினைத்தேன். பூனை வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

முதல் தொடக்கம்:

[ஜன்னலோரம் அமர்ந்திருந்த பூனை அவளுடைய தனிமையை முழுவதும் அறிந்திருந்தது.]

அறியாது. எங்கள் அலுமாரியில் உள்ள கதைப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். தனிமையான பெண் ஒருத்தி வந்தால் பின்னாலேயே ஒரு பூனையும் வந்துவிடும். தனிமையான ஆணுக்கு சிகரெட் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

["மனிதர்களே, உங்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது" என்றது பூ]

கதைகளில் பூனை வாய் திறந்தால் தத்துவம்தான் வருகிறது. மீனைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்தப் பூனைகளை நான் நம்புவதில்லை.

மூன்றாவது தொடக்கத்தில் ஒருவர் சாகக் கிடந்தார், பூனை கூரையில் கத்தியது. அதைக் கிழித்துவிட்டேன்.

2

ஆகவே உள்ளதை எழுதுகிறேன். எங்கள் வீடு வத்தேகம சந்தைக்குப் பின்னால், மேட்டுக்கு ஏறும் ஒரு படிக்கட்டுச் சந்தில் இருக்கிறது. வாகனம் கீழே பெரிய வீதியோடு நின்றுவிடும். எங்களுக்கு நேர் எதிர்வீட்டில் பேச்சியம்மாவும் அவருடைய மகள் சுகிர்தாவும் இருக்கிறார்கள். நடுவில் நாலு பேர் கைகோத்து நடக்க முடியாத அளவு பாதை.

பூனை எங்களுடையது என்று சொன்னாலும் சாப்பிடுவது அவர்கள் வீட்டில். ஹந்தானைத் தோட்டத்தில் பல வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்த பேச்சியம்மாதான் அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தார்.* "எல்லா வாசலையும் சுத்திப் பாக்குது, ஒரு வேலையும் செய்யல, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டா வந்துருது. பொறகு என்னன்னு கூப்புடுறது?" என்பார்.

* கங்காணி என்றால் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேற்பார்வைக்காரர்; எங்கள் கங்காணி பெண்பூனை. இரண்டு தடவை குட்டி போட்ட பிறகும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

3

வியாழக்கிழமை பின்னேரம் பேச்சியம்மா ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்தார். சும்மா வரும் நாட்களில் அவர் வெறுங்கையோடு வருவார். தட்டோடு வந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று பொருள்.

"டீச்சர், ஞாயித்துக்கெழம சுகிர்தாவ பாக்க வாராங்க. கலஹா பக்கம். பையன் பேரு நிரஞ்சன், கட்டார்ல டிரைவரா இருக்காரு. லீவு முடியறதுக்குள்ள பேசி முடிச்சிரணும்ன்னு சொல்றாங்க."

"நல்ல விசயம் தானே பேச்சியக்கா."

"நல்ல விசயந்தான். அன்னைக்கி காலையில மட்டும் கங்காணிய உள்ள போட்டு கதவ சாத்திக்கிறீங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பூனை பாயில் படுத்துக் கிடக்கும், யாரும் விரட்டமாட்டார்கள். குறுக்கே போனால் அதை மிதிக்காமல் கால் வைப்போம், அவ்வளவுதான்.

"எனக்கு அது மேல ஒன்னுமில்ல டீச்சர். நெத்தலி தல பூரா அதுக்குத்தானே போடுறேன். ஆனா வாரவங்க பழைய ஆளுங்க. படி ஏறயில குறுக்க போச்சின்னா அப்பிடியே திரும்பிருவாங்க. எங்க அண்ணன் மகளுக்கு அப்பிடித்தான் ஆச்சி. பொறகு அந்த புள்ளய ராசியில்லாதவன்னு சொல்லிச் சொல்லியே..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. [நான் முடித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. அவர் விட்ட இடத்திலேயே இருக்கட்டும்.]

பேச்சியம்மாவின் கணவர் இறந்து நெடுநாளாகிறது. பேச்சியம்மா ஒரு தனியார் கிளினிக்கில் துப்புரவு வேலை செய்கிறார். போன வருடம் அங்கேயே மயங்கி விழுந்தார். அன்றிலிருந்து எதைப் பேசினாலும் "நான் நல்லா இருக்கயிலேயே" என்றுதான் தொடங்குகிறார். அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பூட்டி வைக்கிறேன்" என்றேன்.

4

வெள்ளிக்கிழமை சுகிர்தா பஸ்ஸிலிருந்து இறங்கித் தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் கண்டியில் கியூ.எஸ். படிக்கிறாள். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு கூலி என்று கணக்குப் போடும் படிப்பு. எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து, இதைக் கட்டினவன் சீமெந்தில் ஏமாற்றியிருக்கிறான் என்று ஒருநாள் சொன்னாள். என் கணவர் ரிஸ்மி இன்னும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"அம்மா கங்காணிய பூட்டச் சொன்னாங்களா டீச்சர்?"

"ஓ மகள். பூட்டுறேன் எண்டு சொன்னேன்."

"பூட்டாதீங்க. அவங்க படி ஏறுற நேரம் பாத்து கதவ தொறந்து விட்டுருங்க. நான் எங்க வாசல்ல நெத்தலி வச்சிருப்பேன். நேரா ஓடி வந்துரும்."

நான் அவளைக் கதிரையில் உட்காரச் சொன்னேன். "அந்தப் பொடியன உனக்குப் பிடிக்கலயா?"

"பாத்ததே இல்ல. நல்லவருன்னு தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் வேணும் டீச்சர். இப்ப முடிச்சா கலஹாவுல அவங்க அம்மா கூட இருக்கணும். அங்கருந்து என்ன யாரு படிக்க அனுப்புவா?"

"பூனை குறுக்கே போய் அவங்க திரும்பினா, ராசியில்லாதவ எண்டு பேர் வந்துரும். யோசிச்சியா?"

"அந்த பேரு தான் எனக்கு வேணும். அது வந்துட்டா ரெண்டு வருசத்துக்கு ஒருத்தரும் இந்தப் படி ஏற மாட்டாங்க. அதுக்குள்ள நான் முடிச்சிருவேன்."

இத்தனை வருடம் கதை எழுதுகிறேன். கெட்ட பெயரைக் கேட்டு வாங்க வந்த பாத்திரம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்கு அவள்மேல் இரக்கம் வருவதற்கு முன்னால், கதை கிடைத்துவிட்டது என்ற சந்தோசம் வந்தது.

"அம்மாட்ட சொல்லிப் பாத்தியா?"

"ஆரம்பிச்சேன். அழுதாங்க. அம்மா அழுதா எனக்கு நாக்கு ஒட்டிக்கிது."

அவளுக்கும் சரி என்று சொல்லி அனுப்பினேன்.

5

இப்போது என் நிலையைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. கதவுத் தாழ்ப்பாள் என் கையில். கங்காணிக்கு ஒன்றும் தெரியாது, சீனி டின்மேல் படுத்திருக்கிறது.

ரிஸ்மியிடம் சொன்னேன். "தாய் செல்ற மாதிரி ரூம்ல போட்டு மூடுங்க. வாற கிழமையும் இதே சந்துல தானே நாங்க ஈக்கணும்" என்றார். நியாயம். ஆனால் சுகிர்தாவும் இதே சந்தில்தானே இருக்கிறாள்? இருக்கிறவரைக்கும்.

நிரஞ்சனைக் கெட்டவனாக எழுதினால் எல்லாம் சுலபமாகிவிடும் என்று தோன்றியது.

[நிரஞ்சனின் கண்கள் சிவந்திருந்தன. கட்டாரில் அவன் குடித்த]

முடியவில்லை. பேச்சியம்மா படத்தைக் காட்டியிருக்கிறார். மழையில் அம்மாவுக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைகிற முகம். இரண்டு வருடம் பொறுக்க முடியுமா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் தட்டிப்போய்விடும் என்று இந்தப் பக்கம் பயம். அந்தப் பக்கம், கேட்க ஏதாவது இருக்கிறது என்றே தெரியாது.

பூனைக் கதைகளைப் பற்றி எனக்கு இப்போதுதான் ஒன்று பிடிபடுகிறது. கதைகளில் நாய் அன்பு காட்டுவதற்காக வருகிறது. பூனையோ, வீட்டில் ஒருவரும் வாய் விட்டுச் சொல்லாததைச் சொல்லுவதற்காகக் கூட்டிவரப்படுகிறது. சாவு வருகிறது என்று, புருஷனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று, இந்த வீட்டில் சந்தோசமில்லை என்று. பிறகு பழியும் அதன்மேல்தான்.

6

சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மூன்று முடிவுகள் எழுதினேன். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவு அ: நான் கதவைத் திறக்கிறேன். எதிர்வாசலில் நிற்கும் சுகிர்தாவிடம் கங்காணி ஓடுகிறது. மாப்பிள்ளையின் மாமா நின்று, திரும்பிப் படியிறங்குகிறார். சுகிர்தா படித்து முடித்துவிடுகிறாள். ஆனால் அடுத்த நாள் பேச்சியம்மாவின் அண்ணன் ஒரு சாக்கோடு வருகிறார். எங்கள் பக்கத்தில் பூனையைக் கொல்லமாட்டார்கள். பஸ்ஸில் தூரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். [அந்தச் சாக்கை மூன்று வாக்கியங்களில் எழுதியிருந்தேன். கண்ணீர் வரவைக்க எழுதியது என்று எனக்கே தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.]

முடிவு ஆ: கதவு பூட்டியே இருக்கிறது. சுகிர்தா கொடுக்கும் தேநீர், வடை, சிரிப்பு. பேச்சியம்மா நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக உறங்குகிறார். அதை நான் சும்மா எழுதவில்லை, அவருக்கு அந்த உறக்கம் வேண்டும். சுகிர்தாவின் புத்தகங்கள் கலஹாவில் ஒரு கட்டிலுக்கு அடியில்.

முடிவு இ: கதவு திறக்கிறது, நெத்தலியும் இருக்கிறது. கங்காணி பாதி வழிவரை வந்து உட்கார்ந்து பின்காலைத் தூக்கி நக்கத் தொடங்குகிறது. குறுக்கே போனதாகக் கணக்கா, இல்லையா என்று வந்தவர்கள் படியில் நின்று விவாதிக்கிறார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒருவரும் என்னைக் குறைசொல்ல முடியாத முடிவு.

7

ஞாயிறு காலை சுகிர்தா கோப்பை இரவல் வாங்க வந்தாள். இன்னும் சேலை கட்டவில்லை, தலைமுடியில் எண்ணெய் மட்டும். நான் கோப்பைகளைத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது மேசையில் கிடந்த இந்தத் தாள்களை எடுத்து வாசித்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் வாசித்தாள்.

"நல்லா இருக்கு டீச்சர்" என்றாள். பிறகு, "மூனு முடிவுலயும் நான் வாயே தொறக்கலயே" என்றாள்.

நான் தாள்களை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அ-வில் வாசலில் நிற்கிறாள். ஆ-வில் தேநீர் கொடுக்கிறாள். இ-யில் அவள் எங்கே நிற்கிறாள் என்றே நான் எழுதவில்லை. பூனை எந்தக் காலைத் தூக்கியது என்று எழுதியிருக்கிறேன்.

"நீ தானே மகள் பூனைய விடச் சொன்ன" என்றேன். சொல்லும்போதே அது நொண்டிச் சாட்டு என்று தெரிந்தது.

"ஆமா. நான் தான் சொன்னேன்."

கீழே வீதியில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டிலிருந்து பேச்சியம்மா, "சுகிர்தா, வந்துட்டாங்க, பின்பக்கமா ஓடி வா" என்று கூப்பிட்டார். சுகிர்தா கோப்பைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் முன்கதவைத் திறந்தாள். திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள். கங்காணி மேசைக்குக் கீழே படுத்திருந்தது, எழும்பவில்லை.

8

அவர்கள் பாதிப் படி ஏறியிருந்தார்கள். முன்னால் மாமா, அடுத்து பழத்தட்டோடு நிரஞ்சனின் அம்மா, பக்கத்தில் அவரைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டு நிரஞ்சன், பின்னால் இன்னும் ஓர் ஆள். சுகிர்தா குறுக்கே நடந்து சந்தின் நடுவில் நின்றாள். அணிந்திருந்தது வீட்டுச் சட்டை. தட்டில் கோப்பைகள் கிணுகிணுவென்று ஆடின. மாமா நின்றுவிட்டார்.

"நீங்கதானே நிரஞ்சன்? நான் சுகிர்தா. உள்ள போனா அம்மா அழுவாங்க, எனக்கு பேச வராது. அதனால இங்கயே கேக்குறேன். எனக்குப் படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அதுவரைக்கும் பொறுப்பீங்களா? முடியாதுன்னா பரவாயில்ல, திரும்பிப் போங்க. ஆனா ராசி சரியில்லன்னு வெளிய சொல்லாதீங்க. நான் ரெண்டு வருசம் கேட்டேன், அதனால திரும்பிட்டோம்ன்னு சொல்லுங்க."

பேச்சியம்மா வாசலுக்கு வந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்திருந்தார். அழுவார் என்று பயந்துகொண்டே பார்த்தேன். அவர் அழவில்லை. மகளை, முன்பின் பார்த்திராத ஒருத்தியைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இறங்கி வந்து, ஆடிக்கொண்டிருந்த தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

இதை நான் திங்கட்கிழமை எழுதுகிறேன். நிரஞ்சன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால், ஆம் என்றால் அவள் அதிர்ஷ்டக்காரி, இல்லை என்றால் பாவம் என்று புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அவள் அங்கே அதிர்ஷ்டத்தைக் கேட்டு நிற்கவில்லை.

பின்னால் இன்னும் ஓர் ஆள் என்று சொன்னேனே, அது நீங்கள்தான். பெண் பார்க்கப் போகும் கூட்டத்தில் ஓர் ஆளாக நீங்களும் போயிருப்பீர்கள். வடை சாப்பிட்டு, பிள்ளை நல்ல அமைதி என்று சொல்லித் திரும்பியிருப்பீர்கள். இந்த முறை அப்படி முடியாது. நிரஞ்சன் முதலில் அம்மாவைப் பார்க்கிறான், அவர் மாமாவைப் பார்க்கிறார், மாமா நிலத்தைப் பார்க்கிறார். கடைசியில் அவன் தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிறான்.

நான் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் முகம் தெரியவில்லை. அவனுக்குத் தெரியும்.