உதிர்ந்த பூவில் இல்லாதது

"முப்பத்து மூணுல நிக்கிது மேடம்" என்றாள் ரேணுகா.

"எந்த மரம்?"

"எங்க ஊரு கோயில்காட்டுல மூணு நிக்கிதுன்னு சொன்னேன்ல, அது."

காரைக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் ரேணுகா பதினெட்டு வருஷமாக உதவியாளர். கண்ணாடித் தகடு கழுவுவதும், காய்ந்த செடியை அட்டையில் வைத்துப் பெயர்ச் சீட்டு ஒட்டுவதும் அவள் வேலை. மாணவிகளுக்கு நடத்துவதைப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு, செடியின் பெயர் கண்டுபிடிக்கும் புத்தகத்தை அவளும் பார்க்கப் பழகிவிட்டாள். அதில் எண்ணுக்கு இரண்டு வாக்கியம். இலை எதிரெதிராக இருந்தால் ஐந்துக்குப் போ, மாறி மாறி இருந்தால் ஒன்பதுக்குப் போ. இப்படித் தாண்டித் தாண்டிப் போனால் கடைசியில் ஒரு பெயர் நிற்கும். நடுவில் எங்காவது தப்பாகத் திரும்பினாலும் ஒரு பெயர் நிற்கும். அதுதான் அதில் உள்ள கண்டம்.

பேராசிரியை சிவரஞ்சனி, அவளைவிடப் பத்து வயது இளையவள், புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"சூலகத்துல அறை எத்தனைன்னு கேக்குது. பத்துக்கு மேலன்னா பாலை மரம். அஞ்சுன்னா முப்பத்து நாலுக்குப் போகணும். பூவை அறுத்து எண்ணுனீங்களா அக்கா?"

"உதிர்ந்த பூவுல அது இல்ல மேடம். இதழு மட்டும் வளையமாக் கழண்டு விழுது. சூலு கிளையிலேயே தங்கிப்போகுது."

"ஒரு கொத்து ஒடிச்சிட்டு வர வேண்டியதுதானே?"

"நல்லாச் சொன்னீக. அங்க ஒரு கொழை ஒடிச்சாலும் சாமி குத்தம். ஆடுகூட அண்ணாந்து பாக்காது."

சிவரஞ்சனி சிரித்துவிட்டாள். "அப்ப பாலைன்னு எழுதி, பக்கத்துல கேள்விக்குறி போட்டு வைங்க. பூவை அறுத்துப் பாக்குற வரைக்கும் அவ்வளவுதான் சொல்ல முடியும்."

ரேணுகா பென்சிலால் போட்டு வைத்தாள்.

பட்டியல் கேட்டவன் அவள் அண்ணன் சின்னச்சாமி. சிங்கம்புணரிப் பக்கம் அவர்கள் ஊர்க் கோயில் கமிட்டிக்கு அவன்தான் தலைவன். கோயில்காட்டுக்குள் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும். அந்த மூன்று மரமும் குறுக்கே நின்றன. காட்டில் என்னென்ன மரஞ்செடி இருக்கிறதென்று தெரிந்தவரிடம் எழுதி வாங்கி வா, அபூர்வமானது ஏதும் இருந்தால் வெட்ட அனுமதி கிடையாது என்று வனத்துறை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை வாசித்துக்கொண்டே வந்த அண்ணனின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்னத்தா, பாலைக்குப் பக்கத்துல கொக்கி மாட்டியிருக்க?"

"சந்தேகம்ணே."

"பாலையில என்ன சந்தேகம்? நம்ம அப்பன் பாலைன்னாரு, அவரு அப்பன் பாலைன்னாரு. நீ காரைக்குடியில டம்ளர் கழுவி அவுகளை மிஞ்சிட்டியாக்கும்?"

"டம்ளர் இல்லண்ணே, ஸ்லைடு."

"ஏதோ ஒண்ணு. கழுவுறதுதானே."

"ஒரே ஒரு கொத்து ஒடிச்சுத் தாங்கண்ணே. அஞ்சு நிமிசத்துல சொல்லிப்புடுறேன்."

"தங்கச்சிக்காகத் தலைவனே ஒடிச்சுக் குடுத்தா ஊரு சிரிக்கும்."

"மரத்தையே வெட்டப் போறீக."

"அதுக்கு சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்தாச்சு. வெள்ளைப் பூ வந்துச்சு. உத்தரவு ஆயிருச்சு."

"எனக்கும் ஒருக்காக் கட்டிப் பாருங்களேன்."

"ஒரு கொழைக்கெல்லாமா பூக்கட்டுவாக, கிறுக்குக் கழுத!" என்றவன் குரலை இறக்கினான். "இங்க பாரு தாயி. கொக்கி இருந்தா ஃபைலு திரும்பி வந்துரும். கீழ என்ன எழுதச் சொல்லியிருக்கேன் பாரு. 'பட்டியல் தயாரித்தவர்: ரேணுகா, தாவரவியல் துறை.' நம்ம ஊருல எந்தப் பொம்பளை பேரு இப்படி ஏறியிருக்கு?"

அந்த வரியை ரேணுகா இரண்டு தரம் படித்தாள். கல்லூரி ஆண்டு மலரில் அவள் எப்போதும் 'மற்றும் உதவியாளர்கள்' என்பதற்குள் அடங்கிப் போகிறவள். ஊரே பாலை என்கிறது, பாலையாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கேள்விக்குறியை அழித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து வாரம் கழித்து அவள் ஊருக்குப் போனபோது மூன்று மரமும் படுத்துக் கிடந்தன. அறுத்த வாயில் பால் கசிந்து ஈ மொய்த்தது.

"கொழை வேணுமாக்கா? ஆட்டுக்கா?" என்றான் ரம்பக்காரன் பூமிநாதன். "அள்ளிக்கங்க. இனிமே யாரு கேக்கப் போறா?"

நுனிக் கிளையில் பூ இருந்தது, பிஞ்சும் இருந்தது. புத்தகமும் லென்ஸும் பையில் கொண்டுவந்திருந்தாள். பிளேடால் ஒரு பூவின் அடியைக் குறுக்கே அறுத்து லென்ஸை வைத்தாள். அஞ்சு. இன்னொன்றை அறுத்தாள். அஞ்சு. ஒன்றாவது பத்தைத் தாண்டிவிடாதா என்று பதினோரு பூ அறுத்தாள். பிறகு அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்து, புத்தகத்தில் முப்பத்து நாலு, முப்பத்தாறு, நாற்பது என்று போனாள். கடைசியில் நின்ற பெயர் அவள் வாயில் அதுவரை வந்ததேயில்லை. அதன் அடியில் பொடி எழுத்தில், மலைக்காட்டில் இரண்டே இடத்தில் பார்த்தது, மிக அரிது என்று போட்டிருந்தது.

சிவரஞ்சனிக்குப் போன் போட்டு, எண்ணியதையும் நின்ற பெயரையும் சொன்னாள்.

"அஞ்சா? நல்லா எண்ணுனீங்களா?" சிவரஞ்சனியின் குரல் துள்ளியது. "அக்கா, நம்ம மாவட்டத்துக்கே புதுசு! பூ, பிஞ்சு ரெண்டும் உள்ள கிளையா நாலஞ்சு எடுங்க. மரம் எத்தனை நிக்கிதுன்னும் குறிச்சுக்கங்க."

"நிக்கல மேடம். கிடக்கு."

"சரி... கிடைக்கிறதை எடுங்க."

சின்னச்சாமி பின்னால் வந்து நின்றிருந்தான். "இப்ப என்னங்குற?"

"இது பாலை இல்லண்ணே. ஆபீஸ்ல போய்ச் சொல்லப் போறேன்."

"போய்ச் சொல்லு. நானா எழுதுனேன்? தாவரவியல் துறை எழுதிக் குடுத்துச்சு, நாங்க வெட்டுனோம். தற்குறிப் பயலுக, எங்களுக்கு என்ன தெரியும்?"

அலுவலகத்துக்கும் போனாள். மரம் நிற்கும்போது வந்திருக்கணும்மா என்று சொல்லி, எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கிளை காய்ந்ததும் அட்டையில் தைத்து முடித்தாள். "எடுத்தவர், பெயர் கண்டவர், ரெண்டு இடத்துலயும் உங்க பேருதான்க்கா" என்றாள் சிவரஞ்சனி.

ரேணுகா இரண்டு சீட்டு எழுதி வைத்திருந்தாள். ஒரு செடிக்கு முதலில் தப்பான பெயர் வைத்துப் பிறகு திருத்தினால், பழைய சீட்டை யாரும் கிழிப்பதில்லை. புதியதைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். போன தலைமுறைப் பேராசிரியர்களின் தப்புகளை அப்படி எத்தனையோ ஒட்டியவள் அவள். முதல் சீட்டில் பாலை என்றும், பெயர் கண்டவர் ரேணுகா என்றும் இருந்தது. தேதி, அவள் பட்டியலில் கையெழுத்துப் போட்ட தேதி.

"இது எதுக்குக்கா? அப்ப இந்தக் கிளை உங்க கையிலேயே இல்லையே."

"கையில இல்லாமத்தானே மேடம் பேரு வச்சேன்."

"பின்னால பாக்குறவங்க உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"சரியாத்தான் நினைப்பாக" என்று சொல்லிவிட்டு, ரேணுகா சீட்டில் பசையைத் தடவினாள்.