எர்மெலிந்தாவின் கால்களில் ஓடியவன்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஏழு நிமிடத்துக்கு எர்மெலிந்தா ஞோந்தேயின் இரண்டு கெண்டைக்கால்களும் கல்லாக இறுகின. அப்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தெருக்குழாய்வரைகூட நடந்திருக்கவில்லை. ஐந்து நாற்பதுக்குத் தொடைகள் நடுங்கின. பிறகு கால் மணி நேரம் அடங்கி, மறுபடி பிடித்தது. ஏழு மணிக்குள் சட்டை முதுகோடு ஒட்டிப்போய், வாய் உலர்ந்து, எழுந்து அடுப்பை மூட்டக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அதே நேரம் எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் பச்சூகாவில் அவளுடைய தம்பி அனஸ்தாசியோ, ஊரார் வாயில் தாச்சோ, கால்பந்து முதல் பிரிவில் தன் முதல் ஆட்டத்தை நடுக்களத்தில் ஆடி முடித்துவிட்டு, ஒரு பெருமூச்சுகூட விடாமல் உடை மாற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதினேழு வயது. அவளுக்கு இருபத்தைந்து.

இதில் அவள் அதிசயப்பட ஒன்றுமில்லை. லா கலேராவில் நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொன்றும் மலையில் சுண்ணாம்புக்கல் உடைத்து, சூளையில் வேகவைத்து, அக்தோபான் சந்தைக்கு அனுப்பிப் பிழைக்கிறவை. பன்னிரண்டு வயதில் தாச்சோ கல்குழிக்குக் கீழே இருந்த மண் மைதானத்தில் ஞாயிறு ஆட்டங்களுக்கு இறங்கியபோதே அவனுடைய அலுப்பு அக்காளுக்கு வந்துவிட்டது. அடிபட்டால் வலி அவனுக்குத்தான். முழங்கால் பிசகியபோது அவன்தான் அலறினான். அலுப்பு மட்டும் அவனிடம் தங்கவில்லை. அவள் ஆறு நாள் தன் அலுப்பையும் ஏழாம் நாள் அவனுடையதையும் சுமந்தாள். ஆட்டத்தை விடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கல் உடைக்கப் பிறந்தவர்கள் வீட்டில் ஒருவன் வேறொன்றுக்கு ஓடுகிறான் என்றால் கடைசிவரை ஓடி முடிக்க வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் தொலைபேசியில் கூப்பிடுவான்.

"அக்கா, நாளைக்கு ஆட்டம் இருக்கு. நல்லா சாப்பிட்டுட்டுப் படு."

"ஏண்டா, ஆடப்போறது நீயா நானா?"

"நான் ஓடுவேன். நீ தாங்கிக்கோ."

"கோட்டோரமா ஓடித் தொலையாத. போன வாரம் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் அலைஞ்சியே, எதுக்கு? நடுவுல நிக்கத்தானே உனக்குச் சம்பளம்?"

நடுக்களத்துக்காரன் நிற்கக்கூடாது என்று அவன் விளக்குவான். அவள் பாதியில் போனை வைத்துவிடுவாள்.

கிளப்பின் மருத்துவர் அவனை ஓடும் இயந்திரத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு இதயத்துடிப்பைப் பார்த்தார். ஊஞ்சல் படுக்கையில் மதியத் தூக்கம் போடுகிறவனின் துடிப்பு காட்டியது. இயந்திரம் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினார்கள். அதுவும் அப்படியே காட்டியது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, கிளப்காரர்கள் கடற்கரை விடுதியில் கூடி ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்கிற சந்தையில், அவனைத் தொர்ரியோனுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்து தொலூகா, பிறகு கடலோரம், பிறகு மறுபடி வடக்கே தொர்ரியோனுக்கே. ஊர் மாற மாற அலுப்பும் மாறியது. தொர்ரியோன் அலுப்பு சூடாக, பல்லில் புழுதி நறநறக்க வந்தது. உயரமும் குளிருமான தொலூகாவில் ஆடினால் எர்மெலிந்தாவுக்கு மூச்சு குறுகி மூக்கு சிவந்தது. கடலோர அலுப்பு ஈரம். அவள் உட்கார்ந்த நாற்காலியின் கீழே உப்புத்தண்ணீர் தேங்கும், நாய் வந்து நக்கும்.

அவன் முதல் பிரிவுக்குப் போன பிறகும் ஏழு வருடம் தனியாகச் சுமந்தாள். எட்டாம் வருட மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஊர்ச்சூளையில் தீ போடும் முறை அவளுடையது. கிளப் ஆட்டம் புதன்கிழமை ஒன்று, சனிக்கிழமை ஒன்று என்று நெருங்கி வந்ததில், சூளை வாயில் விறகோடு அப்படியே சரிந்து விழுந்தாள். யாரும் பார்க்கவில்லை. தீ தணிந்து, பதினாறு வீட்டுச் சுண்ணாம்பு அரைவேக்காடாய்ப் போயிற்று. அரைவேக்காட்டுக் கல்லை எவனும் வாங்கமாட்டான்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டு செனைதாதான் முதலில் எழுந்தாள்.

"இவ தம்பி கடலோரத்துல ஓடுறான், இங்க என் சுண்ணாம்பு வேகல. இது எந்த ஊரு நியாயம்?"

"உன் சுண்ணாம்பு என்னைக்குத்தான் வெந்துச்சு?" என்றான் பின்னாலிருந்த ஒருவன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஊர்த்தலைவர் எபிக்மேனியோ, ஊரார் மரியாதைக்கு அழைப்பது தோன் எபிக்மேனியோ, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். முடிவு சொல்லப்போகிறார் என்று அதற்கு அர்த்தம். லா கலேராவில் கைக்குக் கை என்பது பழக்கம்: நீ என் சூளைக்கு ஒரு நாள் கல் சுமந்தால் நான் உன் சோளக்காட்டுக்கு ஒரு நாள் வருவேன், உடம்புக்கு உடம்புதான் ஈடு, வேறெதுவும் ஈடில்லை. தாச்சோவும் ஊர்க்காரன்தான், அவன் அலுப்பும் ஊர் வேலைதான் என்றார் தலைவர். ஆட்டத்துக்கு ஒரு வீடு முறை வைத்துச் சுமக்கட்டும், அவன் வந்து அத்தனை நாளையும் திருப்பித் தரட்டும். எர்மெலிந்தாவின் நாற்காலியை ஊர்க்கூடத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்க விசிலின்போது அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் அலுப்பு அவர்களுக்கே போனது. தாச்சோ தொலைபேசியில் கேட்டுவிட்டு, "திருப்பிடுறேன் தோன்" என்றான். அது போதும்.

அடுத்த எட்டு வருடம் இப்படித்தான் நடந்தது. சனிக்கிழமை வந்தால் முறைக்காரர் குளித்து, சப்பாத்திக்கள்ளிப் பொரியலும் தொர்த்தியா என்ற சோள ரொட்டியும் தின்று, ஒரு சொம்பு கத்தாழைக்கள்ளோடு வந்து உட்காருவார். பக்கத்தில் வானொலி. இறுதி விசிலுக்குப் பிறகு இருவர் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். ஒருமுறை செனைதாவின் புருஷன் உட்கார்ந்த அன்று தாச்சோவுக்குப் பன்னிரண்டாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் முழுநாள் கணக்காகுமா என்று மூன்று கூட்டம் நடந்தது. உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான், முழுநாள் என்று தீர்ந்தது. நாட்டு அணிக்கு அவன் ஆடிய நாலு ஆட்டங்களுக்கு நாற்காலிக்குப் போட்டி இருந்தது. எர்மெலிந்தாவுக்கு இப்போது சனிக்கிழமைகள் சொந்தமாக இருந்தன. முதல் வருடம் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைப் பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

மோந்தெர்ரேயில் பெரிய கிளப் ஒன்று அவனை எடுத்துக்கொண்டபோது அவனுக்கு முப்பத்திரண்டு. அந்த வருடம் அணி இறுதியாட்டத்துக்கு வந்தது. பதினைந்து வருடத்தில் அவன் தொட்ட முதல் இறுதியாட்டம். அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் தப்புச் செய்தான். இறுதியாட்டத்துக்கு எட்டு நாள் முன்பு ஒரு டிரைவரிடம் நாற்பத்தொரு உறை கொடுத்தனுப்பினான். வீட்டுக்கொன்று, சுமந்த நாளுக்கு இரட்டைக் கூலி. வெளியூரில் பதினைந்து வருடம் இருந்தவனுக்கு அது மரியாதையாகப் பட்டிருக்கிறது.

உறைகள் பிரிக்கப்படாமல் அதே வண்டியில் திரும்பிப் போயின.

"நாம என்ன அவன் கூலியாளா?" என்று கேட்டார் தோன் எபிக்மேனியோ. "நான் தொர்ரியோன் வெயிலை இந்த முற்றத்துல உக்காந்து குடிச்சவன். அதுக்கு ரேட் போட்டுட்டானே."

இனி யாரும் உட்காருவதில்லை என்று கூட்டம் கையுயர்த்தியது. அவன் அழைத்து மன்னிப்புக் கேட்டான். போனில் கேட்ட மன்னிப்பு யாருக்கும் போதவில்லை.

நாற்காலியில் ஆளில்லாவிட்டால் அலுப்பு பழையபடி அக்காளுக்கே வருமா, அவனிடமே தங்கிவிடுமா என்று யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வயதுவரை அலுப்பே அறியாத உடம்பு முதல் அலுப்பிலேயே மைதானத்தில் உட்கார்ந்துவிடும் என்பது எர்மெலிந்தாவின் பயம். இறுதியாட்டத்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு முட்டை தின்று, கெண்டைக்காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஊர்க்கூடத்துக்கு நடந்தாள். நாற்பது வயது.

செனைதா வேலியோரம் நின்றாள். "செத்துப்போவ எர்மெலிந்தா. பழைய உடம்புன்னு நெனப்பா?"

"வானொலிய மட்டும் கொஞ்சம் திருப்பி வையேன். சரியா கேக்கல."

ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடியவில்லை, சமனாகிக் கூடுதல் அரை மணி நேரத்துக்குப் போயிற்று. நூறாவது நிமிடத்தில் அவள் கைகள் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்த பிடியில் மரம் விரிசல் விட்டது. நூற்றுப் பத்தில் அவள் காலடி மண் மிதிபட்டுப் பள்ளமாகத் தொடங்கியது. அவளோ காலைத் தூக்கவேயில்லை. தோன் எபிக்மேனியோ வந்து வேலியோரம் நின்றார். ஒவ்வொருவராக எல்லாரும் வந்து நின்றார்கள். நடுவில் ஆள் மாற்ற வழி கிடையாது, விசிலுக்கு உட்கார்ந்தவரே முடிக்க வேண்டும். "இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று மட்டும் கேட்டாள். "ஆறு." "ஆறுதானே." நூற்றுப் பதினேழில் தாச்சோ தன் கோல் எல்லையிலிருந்து எதிர் எல்லைவரை ஒருவனைத் துரத்திப் போய்ப் பந்தைப் பிடுங்கி, கோலுக்கு எடுத்துக் கொடுத்தான். வானொலியில் வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார். எர்மெலிந்தாவின் தலை பின்னால் சாய்ந்தது. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாற்பத்து மூன்று நாள் அவளால் எழ முடியவில்லை.

பதக்கத்தோடு வெள்ளை வண்டியில் வந்த தாச்சோ கட்டில் ஓரம் நின்றான்.

"எதுக்குக்கா ஒருத்தியா உக்காந்த?"

"தோத்திருந்தா இந்தக் கேள்வி கேப்பியா?"

"நான் இனிமே ஆடல."

"ஜெயிச்சுட்டுத்தானே நிறுத்துற. சரி. போய் ஊர்க்கணக்கைப் பாரு."

ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. முழங்கால் என்று பத்திரிகைகள் எழுதின. அவன் மறுக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை கடப்பாரையோடு கல்குழிக்குப் போனான். காலை முழுதும் செனைதா வீட்டுக்குக் கல் பெயர்த்தான், ஒரு பெருமூச்சு இல்லை. மதியத்துக்குள் கட்டிலில் கிடந்த எர்மெலிந்தா ஆள் விட்டனுப்பினாள்: "அவன நிறுத்தச் சொல்லு. அவன் உடைக்கிற கல்லெல்லாம் என் இடுப்புல விழுது."

தோன் எபிக்மேனியோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். அலுப்பை வாங்கின ஊர், அலுப்பைக் கொடுக்கட்டும் என்றார். மறுநாள் காலை தாச்சோவை அதே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு செனைதா மலையேறினாள். அவள் முதல் கல்லை அடித்த நேரத்தில் அவன் தோள்பட்டை துடித்தது. உச்சிவேளையில் அவன் முகம் வெளிறி வியர்வை கொட்டியது. சாயங்காலம் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்னடா, எப்படி இருக்கு?"

"இதென்னது? உடம்பெல்லாம் ஈயம் காச்சி ஊத்தின மாதிரி."

"அலுப்பு. முப்பத்திரண்டு வயசுல பேரைத் தெரிஞ்சுக்க."

அன்றிலிருந்து அவன் தினமும் உட்காருகிறான். சூளைத் தீ போடுகிறவரின் நாள் அவனுக்கு மிகக் கடினம். அன்று தலைமயிர் கருகும் வாசனை முற்றத்தில் அடிக்கும். முறை வந்த வீடுகளில் வயதானவர்கள்கூடக் கல் சுமக்கிறார்கள். வெளியூர் லாரிக்காரர்கள் வேர்த்துக்கொண்டிருக்கும் அவனைப் பார்த்து மலேரியாவா என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டுக்கொண்டு, சரக்கு ஏற்றிப் போகிறார்கள். ஒரு நாளும் அவன் எழுந்து போனதில்லை. எர்மெலிந்தா மறுபடி நடக்கத் தொடங்கி, சூளைக்கும் வந்துவிட்டாள். அவளுக்குரிய நாளை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் இரண்டு தடவை கேட்டான். முதலில் ஊருக்குக் கொடு என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்குத் தர வேண்டியது முன்னூற்றுப் பன்னிரண்டு நாள். அதில் இருநூற்றெண்பது தீர்ந்தது. எர்மெலிந்தாவுக்குத் தர வேண்டியது மண் மைதானத்து ஞாயிறுகள், ஏழு வருட ஆட்டங்கள், ஓர் இறுதியாட்டம். அதில் ஒரு நாள்கூட இன்னும் அவன் தரவில்லை.